புழுக்கையில் வலை விரிக்கும் பூஞ்சை: ஆடு மாடுகளின் குடற்புழுவைக் கட்டுப்படுத்த முழு வழிகாட்டி

நான்கு வருடத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில் எங்கள் பட்டியில் ஆறு குட்டிகள் செத்தன. கழிச்சல்கூடப் பெரிதாக இல்லை. முதல் நாள் மேய்ச்சலில் பின்தங்கின, மறுநாள் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கியது, மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப்பூண்டுத் தோல் மாதிரி வெளுத்திருந்தது. அந்த மழைக்காலத்தில் மட்டும் ஒரே பூச்சி மருந்தை மூன்று தடவை ஊற்றியிருந்தேன்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். மருந்து கேட்காமல் போய்விட்டது என்பார்கள். அது உண்மைதான். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு அடங்காத வயிற்றுப்புழுக்கள் தமிழ்நாட்டுச் செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் நான் அதுவரை யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாம் மருந்து ஊற்றுவது ஆட்டின் வாயில். புழு பெருகுவதோ அது போடும் புழுக்கையில். அந்தப் புழுக்கைக்குள்ளேயே புழுவைப் பிடித்துத் தின்ன ஒரு பூஞ்சை இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புழு, எங்கே வளர்கிறது

நம் பக்கத்து ஆடுகளைக் கொல்லும் முதல் எதிரி ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு, நூற்புழு இனத்தைச் சேர்ந்தது. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி. கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான்.

ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு வெளியே வரும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரே நாளில் பொரியும், ஒரு வாரத்துக்குள் மூன்றாம் நிலை இளம்புழு ஆகிவிடும். ஆட்டுக்குள் போய்த் தொற்றும் வல்லமை இந்த நிலைக்குத்தான் உண்டு. மழையிலும் பனியிலும் புல்நுனிவரை படரும் நீர்ப்படலத்தில் அது ஏறி நிற்கும். "பனி காயட்டும், அப்புறம் ஓட்டு" என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான்.

செட்டிநாட்டுச் செம்மண்ணும் சரளையும் சித்திரை வைகாசியில் காயும்போது இந்த இளம்புழு தாங்காது, வெயிலில் வற்றிச் சாகும். வடகிழக்குப் பருவமழையில் கதை மாறிவிடும். ஊருணிக் கரை, கண்மாய் உள்வாய், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு, இப்படிப் பச்சை தெரியும் நாலு இடத்தையே நம் ஆடுகள் தினமும் சுற்றி வரும். போட்ட இடத்திலேயே மேயும். கிடை போடும் கீதாரிகளின் மந்தையில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கக் காரணம், அவர்கள் வயல் மாற்றி வயல் போய்க்கொண்டே இருப்பதும், போன இடத்துக்கு மாதக்கணக்கில் திரும்பாததும்தான். ஊரோடு இருக்கும் பட்டிக்கு அந்த வசதி கிடையாது.

பூஞ்சை என்ன செய்கிறது

வாழையிலும் தக்காளியிலும் வேர் முடிச்சு நூற்புழுவைப் பார்த்தவர்களுக்கு, மண்ணில் நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகள் உண்டு என்பது தெரிந்திருக்கும். இது புதிய அறிவு இல்லை. ஆர்த்ரோபாட்ரிஸ் என்ற மண் பூஞ்சை உயிருள்ள நூற்புழுவைப் பிடிப்பதை 1888லேயே ஜெர்மனியில் ஸோப் என்பவர் பார்த்து எழுதிவிட்டார். ஆனால் கால்நடைக்கு உதவ வேண்டுமென்றால் பூஞ்சை வித்து ஆட்டின் வயிறு, குடல் முழுவதையும் உயிரோடு கடந்து வர வேண்டும். பெரும்பாலான பூஞ்சைகளால் அது முடியாது. டடிங்டோனியா ஃபிளாக்ரன்ஸ் என்ற பூஞ்சையால் முடிகிறது. அதன் வித்துக்குத் தடித்த சுவர் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த பூஞ்சையியலாளர் டடிங்டன் நினைவாக வந்த பெயர் அது.

தீவனத்தில் கலந்து கொடுத்த வித்து ஓரிரு நாளில் புழுக்கையில் வெளிவரும். அங்கே முளைத்து நூல் நூலாகப் படரும். இதை ஒரு முறை நுண்ணோக்கியில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்ணாடித் துண்டில் பூஞ்சை நூல்கள் வளையம் வளையமாக, மீன் வலையைச் சுருட்டிப் போட்ட மாதிரி இருந்தன. நெளிந்து வந்த ஒரு இளம்புழு வளையத்தின் ஓரத்தைத் தொட்டது. தொட்ட இடம் ஒட்டிக்கொண்டது. புழு துள்ளியது, வாலைச் சுழற்றியது, துள்ளத் துள்ள இன்னும் இரண்டு வளையங்களில் மாட்டியது. மறுநாள் காலையில் பார்த்தபோது அது அசையவில்லை. உடம்பு முழுக்கப் பூஞ்சை நூல் நிரம்பி, வெறும் தோல் உறை மாதிரி கிடந்தது. அந்த வலையைப் பூஞ்சை எந்நேரமும் விரித்து வைத்திருப்பதில்லை. பக்கத்தில் புழு நடமாடுகிறது என்று தெரிந்தால்தான் பின்னும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை இது தொடாது. இன்று கொடுத்தால் நாளை ஆடு தேறாது. அடுத்த மாதம் மேயப்போகும் புல்லில் இளம்புழு குறையும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எத்தனை பெரிய விஷயம் என்பது கார்த்திகையில் தெரியும்.

முதல் படி: நம் பட்டியில் இருப்பது எந்தப் புழு என்று பாருங்கள்

பத்து ஆட்டின் புழுக்கையைத் தனித்தனியாக எடுத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தரையில் கிடப்பது வேண்டாம், கையுறை போட்டு ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்ததாக இருக்கட்டும். ஒரு கிராமில் எத்தனை முட்டை என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். "புழு இருக்கிறது, மருந்து கொடுங்கள்" என்ற பதில் போதாது.

இது ஏன் முக்கியம் என்றால், முட்டை வெளியே பொரிந்து இளம்புழு சாணியில் ஊர்ந்து திரியும் வகைகளுக்குத்தான் இந்தப் பூஞ்சை பயன்படும். ஹீமாங்கஸ், டிரைகோஸ்ட்ராங்கைலஸ், குடலில் முடிச்சுப் போடும் ஈசோஃபகோஸ்டோமம், குதிரையின் சிறு ஸ்ட்ராங்கைல்கள் எல்லாம் இதில் அடங்கும். நாடாப்புழுவுக்குப் பயன் இல்லை. கண்மாய் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவுக்குப் பயன் இல்லை. ரத்தக்கழிச்சல் தரும் காக்சிடியாவுக்கும் இல்லை. கன்றுக்குட்டிக்கு வரும் பெரிய உருண்டைப்புழுவின் முட்டை வெளியே பொரிவதே கிடையாது. அதற்கு மருத்துவர் சொல்லும் மருந்துதான் வழி. கோழிக்கும் இதைக் கொடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பூஞ்சை வித்துத் தூளை எங்கிருந்து பெறுவது

ஆஸ்திரேலியாவில் பயோவர்மா என்ற பெயரில் இந்தப் பூஞ்சை 2018ல் பதிவு பெற்றது, அமெரிக்காவிலும் விற்கிறது. பிரேசிலில் பயோவெர்ம் என்று ஒன்று இருக்கிறது. இவற்றை இணையத்தில் பார்த்துவிட்டு யாராவது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிருள்ள நுண்ணுயிரை நாட்டுக்குள் கொண்டுவர முறையான அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையை அணுகுவதுதான் நேர்வழி. செட்டிநாட்டிலிருந்து ஒரத்தநாட்டுக் கல்லூரி எட்டும் தூரம்தான். இந்திய மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த டடிங்டோனியாவை வைத்து நம் நாட்டிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனக்குத் தூள் கிடைத்ததும் அப்படி ஒரு ஆய்வாளர் வளர்த்துத் தந்ததால்தான். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டு வையுங்கள். நான்கைந்து பட்டிக்காரர்கள் சேர்ந்து கேட்டால் குரல் எடுபடும்.

இரண்டு தவறுகளைச் செய்துவிடாதீர்கள். உரக்கடையில் வேர் நூற்புழுவுக்கு விற்கும் பேசிலோமைசிஸ், டிரைக்கோடெர்மா பொட்டலங்களை ஆட்டுத் தீவனத்தில் கலக்கக் கூடாது. அவை வயலுக்குத் தயாரித்தவை, வாய்க்குள் போகத் தயாரித்தவை அல்ல. இரண்டாவது, சோற்றிலோ சோளத்திலோ வீட்டிலேயே இந்தப் பூஞ்சையை வளர்க்க முயல்வது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதில் முதலில் ஏறுவது பச்சைப் பூசணம். கடலைப் புண்ணாக்கில் நஞ்சு வைக்கும் அதே இனம். புழுவில் தப்பிய குட்டி ஈரல் கெட்டுச் சாகும்.

மூன்றாம் படி: கணக்கு

பயோவர்மாவுக்குச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30,000 வித்து. அந்தத் தூளில் கிராமுக்கு 5 லட்சம் வித்து இருப்பதால் 100 கிலோ எடைக்கு 6 கிராம் போதும். ஆய்வுகளில் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். ஆக, உங்களுக்குத் தூள் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு கிராமில் உயிருள்ள வித்து எத்தனை என்பது. அந்த எண் தெரியாத தூள் வெறும் மாவுதான்.

தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்புவரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் கிட்டத்தட்ட 24 கிலோ 600 கிராம்.

40 ஆடு, சராசரி 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 880 கிலோ. கிலோவுக்கு 30,000 என்றால் நாளுக்கு 2 கோடியே 64 லட்சம் வித்து. கிராமுக்கு 5 லட்சம் உள்ள தூளில் 53 கிராம். கையளவு கூட இல்லை. இந்த 53 கிராமை 4 கிலோ தவிட்டில் சீராகக் கலந்தால் ஆட்டுக்கு 100 கிராம் வீதம் போகும்.

நான்காம் படி: எப்போது தொடங்குவது

புரட்டாசி முதல் வாரம் என்பது என் அனுபவம். பெருமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கினால்தான் முதல் ஈரத்தில் விழும் புழுக்கையிலேயே பூஞ்சை இருக்கும். மழை கொட்டி, புல் முளைத்து, குட்டி சோர்ந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து தை பாதிவரை ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். நிறுத்திய சில நாளிலேயே புழுக்கையில் வித்து தீர்ந்துவிடும், மறுபடி இளம்புழு தப்பிவிடும்.

கோடையில் கொடுக்க வேண்டாம். வெயிலே அந்த வேலையைச் செய்கிறது.

இன்னொரு தருணமும் முக்கியம். சினை ஆடு குட்டி போடும் சமயத்தில் அதன் உடம்பு தளர்ந்து, முட்டை எண்ணிக்கை திடீரென்று ஏறும். அந்தத் தாயின் புழுக்கைதான் பிறந்த குட்டியின் முதல் மேய்ச்சலைக் கெடுக்கிறது. குட்டி ஈனும் காலம் ஈரமாக இருந்தால், நாலு வாரம் முன்பே தாய்க்குத் தொடங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் வயிற்றைப் பார்ப்பது

பூஞ்சை தொடங்கும் வாரத்தில் எல்லா ஆட்டின் கீழிமையையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற வண்ண அட்டை இதற்கு உதவும். சிவப்பு 1, வெள்ளை 5. 4, 5 காட்டும் ஆட்டுக்கு உடனே மருந்து. 3 காட்டும் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் மருந்து. 1, 2 காட்டும் ஆட்டுக்கு மருந்தே வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். நான் செய்த தவறு அதுதான்.

மருந்து கேட்கிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். கொடுக்கும் நாளில் ஒரு முறை, 10 முதல் 14 நாளில் மறுமுறை முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்தின் மேல் சந்தேகப்பட வேண்டும், வேறு வகைக்கு மாறுவதை மருத்துவரிடம் பேசுங்கள். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். அந்த வகை மருந்துகள் பூஞ்சை வளர்ச்சியையும் தடுக்கக் கூடியவை என்பதால், கொடுத்து மூன்று நாலு நாள் கழித்தே தூளை ஆரம்பியுங்கள்.

ஆறாம் படி: தினமும் கொடுப்பது

இதில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூளை முதலில் அரைக் கிலோ உலர்ந்த தவிட்டில் கலந்துகொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கலப்பது நல்லது, எந்த வித்துத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு அதை மிச்சத் தவிட்டோடும் பொடித்த புண்ணாக்கோடும் அண்டாவில் போட்டுக் கையால் அடியும் மேலும் புரட்டிக் கலக்குங்கள். காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் தொட்டியில் வையுங்கள். பசியோடு இருக்கும்போது எல்லா ஆடும் வரும்.

ஈரம் ஆகாது. முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்தால் வித்து தொட்டியிலேயே முளைத்துவிடும், முளைத்தது வயிற்றைத் தாண்டாது. கொதிக்கும் கஞ்சியில் கொட்டினால் வெந்துபோகும். கலந்ததும் அன்றே தீர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் தூள் டப்பாவை மூடி இறுக்கி, சுவரில் ஓதம் ஏறாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்து மாடம்தான் அதற்கு இடம். தாது உப்புக் கட்டியில் கலந்து தொங்கவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டி ஈரம் இழுக்கும், வித்தின் ஆயுள் குறையும். மேலும் ஒரு கிடா நக்கியே தீர்க்கும், ஒரு குட்டி கிட்டவே வராது.

தொட்டி நீளம் போதாவிட்டால் பலசாலி ஆடுகள் தின்று தீர்த்துவிடும், மெலிந்த குட்டிக்கு ஒன்றும் கிடைக்காது. தூள் முக்கியமாக வேண்டியது குட்டிக்குத்தான். நான் குட்டிகளைத் தனியாகத் தட்டியில் அடைத்துக் கொடுக்கிறேன்.

நான் அண்டாவில் கலக்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏம்ப்பா, புழுவுக்குப் பூசணத்தையா திங்கக் குடுக்குற?" என்று கேட்டார்கள். "ஆமா ஆச்சி, ஆனா இது ஆட்டுக்குள்ள முளைக்காது, வெளிய வந்துதான் முளைக்கும்" என்றேன். அவர்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது பாலைப் பற்றி. பதிவு பெற்ற தூளுக்குப் பாலையோ கறியையோ நிறுத்திவைக்கும் காலம் எதுவும் விதிக்கப்படவில்லை. மண்புழுவையும் சாணி வண்டையும் இது கெடுப்பதில்லை. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணியில் வண்டுப்புழு சாவதோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்லை.

ஏழாம் படி: வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்ப்பது

முட்டை எண்ணிக்கையை வைத்து இதை உடனே அறிய முடியாது. பூஞ்சை முட்டையைக் குறைக்காது, முட்டையிலிருந்து வருவதைக் குறைக்கும். அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது.

தூள் தொடங்குமுன் சில ஆட்டின் புழுக்கையை எடுத்து லேசாக நசுக்கி, ஒரு கண்ணாடி ஜாடியில் பாதிவரை போடுங்கள். ஈரம் தெளித்து, துளையிட்ட காகிதத்தால் மூடி, நிழலில் வையுங்கள். பத்து நாள் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம். பதினோராம் நாள் விடியலில் ஜாடியின் உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நீர்த்துளிகளுக்குள் முடியைவிட மெல்லிய, ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத இழைகள் நெளியும். பூதக்கண்ணாடி வைத்தால் நன்றாகத் தெரியும். அப்படி எத்தனை ஆயிரம் இழைகளை நம் ஆடு தினமும் புல்லோடு விழுங்குகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தூள் கொடுத்து ஒரு வாரம் ஆனதும் அதே ஆடுகளின் புழுக்கையில் இரண்டாவது ஜாடி வையுங்கள். பல சோதனைகளில் முக்கால் பங்குக்கு மேல் இளம்புழு குறைந்திருக்கிறது. உங்கள் ஜாடியில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், தூள் செத்தது, அல்லது ஆடு தின்னவில்லை. ஜாடியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கூடவே மாதம் ஒருமுறை இமை பார்ப்பதையும் நோட்டில் குறிப்பதையும் விடாதீர்கள். எங்கள் பட்டியில் முதல் மழைக்காலத்தில் பெரிய மாற்றம் இல்லை, பழைய இளம்புழு புல்லில் இருந்தது. இரண்டாம் வருடம் கார்த்திகையில் 4, 5 காட்டிய குட்டிகள் மூன்றுதான். ஒன்றுகூடச் சாகவில்லை.

கோயில் மாடு, குதிரை, கூண்டு விலங்கு

மேய்ச்சல் இடத்தை மாற்ற முடியாமல் ஒரே வேலிக்குள் வாழும் விலங்குகளுக்கு இந்த முறை இன்னும் பொருத்தம். மானைப் பிடித்து வாயில் மருந்து ஊற்றுவது எத்தனை பெரிய வதை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். பயந்தே சாகும். தீவனத்தில் கலந்த தூளை அது தானாகத் தின்னும். வெளிநாட்டு விலங்குக் காட்சிச்சாலைகளில் ஒட்டகச்சிவிங்கிக்கும் மறிமான் வகைகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குதிரைக்கும் அதே 100 கிலோவுக்கு 6 கிராம் கணக்குதான். கோசாலையில் கன்றுகளுக்கும் ஒன்றிரண்டு வயது மாடுகளுக்கும் கொடுத்தால் போதும். வளர்ந்த மாடு பெரும்பாலும் தானே புழுவைத் தாங்கும். மஞ்சுவிரட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டையோடு இதையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். நல்ல கட்டில் இருக்கும் காளைக்கு அவசியம் இல்லை. யானை, மான் போன்றவற்றுக்கு வனத்துறை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

தை மாதத்தில் நிறுத்துவது

புல் பழுத்து, கண்மாய்க் கரை மண் வெடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பட்டியில் சேர்ந்த புழுக்கையைக் குவித்து, ஈரம் விட்டு, மூடிப் போட்டு நன்றாகச் சூடேறவிட்டு மக்க வையுங்கள். சூட்டில் மிச்ச முட்டையும் சாகும், சித்திரையில் வயலுக்கு நல்ல உரம். டப்பாவில் தூள் மிஞ்சியிருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி இருந்தாலும், அடுத்த புரட்டாசியில் முதலில் இரண்டு ஆட்டுக்கு ஒரு வாரம் கொடுத்து, ஜாடி வைத்துப் பார்த்தபிறகே மொத்தப் பட்டிக்கும் கலக்குங்கள்.